திருமேனியார் தலையசைத்தது

திருமேனியாருக்கு வயது அறுபது. அவருக்கு அணியிலக்கணம் சொல்லிக்கொடுத்த தில்லைநாயகி அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மடத்தில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தால் சிரிக்கட்டும். பல் போன பிறகு கரும்பு கிடைத்தவர் அவர், விடுவாரா?

ஒரு நாள் காலை, சொந்த ஊரான மருதேரிக்குப் போயிருந்தவர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். கூடவே கொளஞ்சி என்ற ஊர்க்காரனும் வந்தான்.

“அம்மா, நான் ஒரு வார்த்தை பேசல. ஆனா நான்தான் ஏரியத் தூக்கிக் குடுத்தேன்னு ஊரே சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியல,” என்றார் திருமேனியார்.

“யாருக்குக் குடுத்தீங்க?”

“ஜமீனுக்கு,” என்றான் கொளஞ்சி. “அவங்க காரியக்காரர் வந்து ஊர்ச் சபையில பேசினாரும்மா. பாதி எங்களுக்கு வெளங்கல. இந்த மாமா மொகத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். மாமா தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. படிச்சவரே ஆட்டுறாரேன்னு நாங்களும் சரின்னுட்டோம்.”

“அப்புறம்?”

“இனிமே நாத்துக்குத் தண்ணி வேணும்னா யாரக் கேக்கணும்னு ஒருத்தன் கேட்டான். ஒருத்தருக்கும் தெரியல. நாளைக்குக் கோயில்ல தாம்பூலம் மாத்தணும். மாத்திட்டா மாத்துனதுதான்.”

திருமேனியார் தலை குனிந்திருந்தார். கைம்பெண்ணான தங்கையின் வயலும் அந்த ஏரித் தண்ணீரை நம்பித்தான் இருந்தது. அவள் அவரோடு பேசாமலே வழியனுப்பியிருந்தாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

“பேச்சு எப்படி இருந்தது?” என்று கேட்டார் அம்மை.

வாடிய முகம் தன்னையறியாமல் மலர்ந்தது.

“ஏரி ஒரு தாய்னு எடுத்தான். உருவகம். மதகுல தண்ணி கசியுதே, அது பிள்ளைங்க சண்டையப் பாத்து அந்தத் தாய் விடுற கண்ணீர்னான். தற்குறிப்பேற்றம், அம்மா. தானா நடக்கிற ஒண்ணுக்குத் தன் மனசுல இருந்த காரணத்த ஏத்திட்டான். எவ்வளவு நயமா ஏத்தினான் தெரியுமா? நல்ல அணி வந்தா தலையசைக்கிறதுதானே அவை வழக்கம்?”

“வழக்கம்தான். அவன் என்ன கேட்டான்?”

திருமேனியார் வாயைத் திறந்தார். உருவகம் நினைவிருந்தது. கண்ணீர் நினைவிருந்தது. கேட்டது நினைவில்லை.

கொளஞ்சி நடந்து வந்த களைப்பில் வியர்த்துக்கொண்டிருந்தான். அம்மை அவனை ஒரு முறை பார்த்துவிட்டு, திருமேனியார் பக்கம் திரும்பினார்.

“உங்க தோள்ல கிடக்கிறது துண்டா, இல்ல வெயிலுக்குப் பயந்து ஒதுங்கின வெள்ளை மேகமா?”

ஐயவணி. திருமேனியார் தலையசைத்தார்.

“மேகம் ஒரே மலையில தங்கலாமா? தவிக்கிற நிலத்தத் தேடிப் போறதுதானே அதுக்கு அழகு?”

அடடா என்று மறுபடியும் தலையசைத்தார்.

அம்மை எழுந்து வந்தார். திருமேனியார் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொளஞ்சியிடம் கொடுத்தார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

“அம்மா, அது என் துண்டு.”

“தலையாட்டினீங்களே.”

“அது ஐயவணிக்கு.”

“கொளஞ்சிக்கு அது தெரியுமா?”

திருமேனியார் கொளஞ்சியைப் பார்த்தார். கொளஞ்சி துண்டைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

“இனி தலையாட்டாம இருக்கப் பழகட்டுமா, அம்மா?”

“அவன் என்ன கேட்டான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

மறுநாள் மருதேரிக் கோயில் மண்டபத்தில் தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. காரியக்காரர் முன்னைவிட அழகாகப் பேசி முடித்தார். ஊர் திருமேனியாரைப் பார்த்தது. அவர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு எழுந்தார்.

“நாத்துக்குத் தண்ணி வேணும்னா மதகத் திறக்கிறது யாரு?”

“தாய்ப்பால் பருகக் குழந்தை அனுமதி கேட்குமா, ஐயா?”

பாவி, என்ன அழகு என்று திருமேனியாருக்குத் தோன்றியது. தலை ஆடத் துடித்தது. தூணைப் பிடித்துக்கொண்டார்.

“மதகத் திறக்கிறது யாரு?”

“கதிரவன் வருவதற்குக் கிழக்கில் எவர் கதவு திறக்கிறார்?”

“சரிங்க. மதகத் திறக்கிறது யாரு?”

காரியக்காரருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஜமீன் ஆள் திறப்பான். ஜமீன் வயல் நனைஞ்சப்புறம் திறப்பான்.”

கொளஞ்சி கையை நீட்டித் தாம்பூலத் தட்டை ஊர்ப்பக்கம் இழுத்துக்கொண்டான்.

அன்று மாலையே திருமேனியார் மடத்துக்குத் திரும்பினார். தங்கை கட்டிக்கொடுத்த சோறு கையில் இருந்தது. துண்டு இன்னும் கொளஞ்சியிடம்தான். கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தில் மட்டும் பழைய குழப்பம் அப்படியே இருந்தது.

“அம்மா, முதல் ரெண்டு பதிலும் எடுத்துக்காட்டு உவமை அணி. அதுல சந்தேகமில்ல. மூணாவத வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். படிச்ச அணியெல்லாம் வச்சுப் பாத்துட்டேன். அது எந்த அணின்னு பிடிபடவே இல்ல.”

“அது அணி இல்ல, திருமேனியாரே. அவன் உங்க ஊருக்கு வந்த காரணம்.”

திருமேனியாருக்குத் தலையசைக்க வேண்டும்போல் இருந்தது. அசைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.