ரெண்டு சாம்பல் பூச்சி

சிஷ்யருக்கு வயசு ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு. அதனால கால்ல விழுறது, காத்துக் கிடக்கிறது எல்லாம் அங்க கிடையாது. சிஷ்யர் வந்தா குருதான் எழுந்து ஸ்டூலைத் துடைச்சுப் போடுவாங்க.

சிஷ்யர் பேரு வைத்திலிங்கம். கோயம்புத்தூர் நகைப் பட்டறையில முப்பத்தஞ்சு வருஷம் கல் பதிச்சவரு. புகை நெஞ்சுல ஏறிடுச்சு, இனி பட்டறைப் பக்கமே போகாதீங்கன்னு டாக்டர் சொன்ன பிறகு, ஊட்டிக்கு மேல மலையில இருக்கிற மகள் வீட்டுக்கு வந்துட்டாரு. வந்த இடத்துல வேலை இல்லாம கை நமநமன்னுச்சு. பக்கத்து வீட்டு ஜன்னல்ல ஒரு பொம்பளை, கண்ணுக்குத் தெரியாத எதையோ நூலால சுத்திக்கிட்டு இருந்ததைப் பார்த்தாரு. மறுநாள் காலையில கதவைத் தட்டிட்டாரு.

அவங்க ஜெசிந்தா. பூச்சி கட்டுறவங்க. தூண்டில் முள்ளைச் சின்ன வைஸ் இடுக்கியில பிடிச்சு, அது மேல கோழி இறகும் முயல் மயிரும் வெச்சு நூலால சுத்துவாங்க. முடிச்சா, முள்ளு போயிடும், கொசு உட்கார்ந்திருக்கும். மலை ஓடையில இருக்கிற ட்ரவுட் மீனு, பொழுது சாயுற நேரத்துல தண்ணி மேல மிதக்கிற பூச்சியை எட்டிப் பிடிக்கும். அந்த மீனை ஏமாத்துறதுதான் தொழில்.

மூணு வருஷத்துல வைத்திலிங்கம் எல்லாத்தையும் கத்துக்கிட்டாரு. ஒரே ஒரு இடத்துலதான் ரெண்டு பேருக்கும் தகராறு.

அன்னிக்கு மார்கழி மாசம். காலையிலேயே போஜன் ஓடி வந்தான். கீழ இருக்கிற மீன் பண்ணையில தினக்கூலிக் காவலாளு. முகத்துல ரத்தமே இல்ல.

"அக்கா, ராத்திரி பொட்டை மீனு இருந்த தொட்டிக் குழாயில இலை அடைச்சுக்கிச்சு. எல்லாம் செத்துப் போச்சு. ஆண் மீனு பதினொண்ணு மிஞ்சியிருக்கு."

"பதினொண்ணை வெச்சு என்ன பண்றது?"

"சீட்டு ஆடலாம். அதுக்குத்தான் லாயக்கு." சிரிக்கப் பார்த்தான், வரல. "இந்த வருஷம் முட்டை எடுக்கலைன்னா பண்ணையை மூடிடுவாங்க அக்கா. ஏற்கெனவே கடிதாசி வந்திருக்கு."

"ஓடையில?"

"பாறை மடுவுல ஒண்ணு நிக்குது. வயிறு நிறைய முட்டை. வலை போட்டா பாறைக்கடியில பூந்துக்கும். நாளைக்கு விடிஞ்சா மேல் அணையில தண்ணி திறக்கிறாங்க, அடிச்சுக்கிட்டுப் போயிடும். இன்னிக்கு சாயங்காலம்தான். உயிரோட பிடிக்கணும். அது சாம்பல் நிறக் கொசுவைத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்குது."

ஜெசிந்தா டப்பாவைத் திறந்து பார்த்தாங்க. அந்தச் சாம்பல் நிறத்துல கழுத்து இறகு மூணே மூணு இருந்துச்சு. ரெண்டுல ரெண்டு பூச்சி கட்டினாங்க. மூணாவது இறகை வைத்திலிங்கம் கிட்ட நீட்டினாங்க.

"நீங்க ஒண்ணு கட்டுங்க ஐயா."

மூணு வருஷத்துல அவர் பூச்சி ஒண்ணு கூடத் தண்ணியைப் பார்த்ததில்ல. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கட்டினாரு. முள்ளோட வால்ல ஆரம்பிச்சு, தூண்டில் நரம்பு கோக்கிற கண்ணு வரைக்கும் ஒரு மயிரிழை இரும்பு வெளிய தெரியாம சுத்தி, தலையில நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வெச்சாரு. மின்னிச்சு.

ஜெசிந்தா அதை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கி, முள்ளோட கண்ணு வழியா வெளிச்சத்தைப் பார்த்தாங்க.

"கண்ணுகிட்ட நாலு சுத்து இடம் வெறுமனே விடணும்னு சொல்லியிருக்கேன்ல?"

"ஊசி போகுதுங்களே அம்மிணி. பாருங்க." ஊசியை விட்டுக் காட்டினாரு. போச்சு.

"போகுது. ஆனாலும் நாலு சுத்து முன்னாடியே நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தினா இரும்பு பல்லை இளிக்குதுங்களே! எங்க பட்டறையில கல்லுக்கும் தங்கத்துக்கும் நடுவுல மயிரிழை தெரிஞ்சா முதலாளி தட்டோட தூக்கி எறிவாரு. முப்பத்தஞ்சு வருஷமுங்க. வேலையில ஒரு குத்தம் கிடையாது. அடுத்தவங்க தங்கத்துல ஒரு பொட்டு நகத்துல ஒட்டினது கிடையாது." குரல் ஏறிடுச்சு. "யாருக்குங்க அந்த வெத்து இடம்?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாங்க. அதுக்குள்ள வாசல்ல போஜன் குரல். "அக்கா, கிளம்பணும்! நடக்கவே ஒண்ணரை மணி நேரம் ஆகும்!"

"இது வேணாம் ஐயா"ன்னு அவர் பூச்சியை ஜன்னல் திரையில குத்தி வெச்சுட்டு, ஸ்வெட்டர் எடுக்க உள்ள போனாங்க.

மேசை மேல டப்பா திறந்தே இருந்துச்சு. உள்ள ரெண்டு சாம்பல் பூச்சி. ரெண்டும் தலைமாட்டுல இரும்பு தெரிய, பாதியில விட்ட வேலை மாதிரி. திரையில அவரோடது, அச்சுல வார்த்த மாதிரி.

மீன் மாட்டின பிறகு சொல்லிக்கலாம். மாட்டின பிறகு யார் கோவிச்சுக்குவா?

கை நீண்டுச்சு. டப்பாவுல இருந்து ஒண்ணு அவரோட கம்பளித் தொப்பி மடிப்புக்குள்ள ஏறிச்சு. திரையில இருந்தது டப்பாவுல இறங்கிச்சு. அவ்வளவுதான். கல் பதிக்கிறதை விடச் சுலபம்.

மடு பாறைக்குக் கீழ கறுப்பா கிடந்துச்சு. வாயைத் திறந்தா புகை வந்துச்சு. போஜன் முழங்கால் தண்ணியில இறங்கி நின்னான். ஜெசிந்தாவும் வைத்திலிங்கமும் கரைப் புதருக்குப் பின்னால.

"பெரியவரே, குனியுங்க. உங்க தலையைப் பார்த்தா மீனு மூணு நாளைக்கு வெளிய வராது."

வைத்திலிங்கம் குனிஞ்சாரு. தொப்பி கனத்துச்சு.

ப்ளக்.

மடு நடுவுல ஒரு வட்டம் விரிஞ்சுது. மீனு பூச்சி எடுக்குது.

ஜெசிந்தா டப்பாவை நீட்டினாங்க. போஜன் ஒண்ணை எடுத்து நரம்புல கட்டினான். வைத்திலிங்கம் பார்த்தாரு. தன்னுது இல்ல. இருக்கிற பயத்துல பாதி குறைஞ்சுது. இருக்கிற ஆசையில பாதியும்.

போஜன் தூண்டிலை வீசினான். முதல் வீச்சு குட்டையா விழுந்துச்சு. ரெண்டாவது வீச்சுல காத்து ஒண்ணு கிளம்பி, நரம்பு எதிர்க்கரை மரக்கிளையில போய்ச் சுத்திக்கிச்சு. இழுத்தான். நரம்பு அறுந்து, பூச்சி கிளையில தங்கிடுச்சு.

"அடச்சே." தண்ணியில அளைஞ்சுக்கிட்டே கரைக்கு வந்தான். "இன்னொண்ணு குடுங்க அக்கா."

டப்பாவுல ஒண்ணுதான் இருந்துச்சு.

போஜன் அதை எடுத்தான். நரம்பு நுனியை எச்சில்ல நனைச்சு கண்ணுல விட்டான். போகல. நுனியைக் கடிச்சுத் துப்பிட்டு மறுபடி விட்டான். போகல. விரல் எல்லாம் ஊதா நிறத்துல விறைச்சிருந்துச்சு.

ப்ளக்.

"பொறு தாயே, பொறு"ன்னு மீன்கிட்ட சொன்னான். வானத்துப் பக்கம் தூக்கிப் பார்த்தான். "கண்ணே காணோமே இதுல. டார்ச் அடிச்சா மீனு போயிடும்."

வைத்திலிங்கம் எட்டிப் பார்த்தாரு. ஊசி போச்சே. மேசை மேல போச்சே.

போஜன் வாயில விரலை வெச்சு ஊதினான். மறுபடி விட்டான். நரம்பு பளபளன்னு இருந்த தலை மேல வழுக்கி வழுக்கி வெளிய போச்சு.

ப்ளக். இந்தத் தடவை தள்ளி, மடுவோட கீழ்க் கோடியில.

"மீனு நகர ஆரம்பிச்சுடுச்சு அக்கா. என்னால முடியல, நீங்க பாருங்க."

ஜெசிந்தா பூச்சியை வாங்கி, கடைசியா மிஞ்சியிருந்த வெளிச்சத்துக்கு நேரா தூக்கினாங்க. ஒரு நொடிதான். அப்புறம் பூச்சியைப் பார்க்கல. வைத்திலிங்கத்தைப் பார்த்தாங்க.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டல. டப்பாவைத் தொடைக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, ஊசி எடுத்து, தலையில இறுகியிருந்த நெயில் பாலிஷைக் குத்த ஆரம்பிச்சாங்க. கல்லு மாதிரி இருந்துச்சு. அவர் வேலை அப்படி.

வெளிச்சம் இன்னும் அஞ்சு நிமிஷம். தன் தொப்பி மடிப்புல முள்ளு ஒண்ணு நெத்தியை உறுத்துறது வைத்திலிங்கத்துக்குத் தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு நின்னா, டப்பாவுல எப்படியோ மாறிப் போச்சுன்னு ஆகிடும். ஜெசிந்தா கேட்க மாட்டாங்க. போஜனுக்குத் தெரியப் போறதில்ல. மீனு போயிடும், அவ்வளவுதான்.

ப்ளக். இன்னும் தள்ளி.

வைத்திலிங்கம் தொப்பியைக் கழட்டினாரு. மடிப்பைப் பிரிச்சாரு.

"அம்மிணி. இதுதானுங்க உங்களுது."

போஜன் தொப்பியைப் பார்த்தான். வைத்திலிங்கத்தைப் பார்த்தான். "இது எப்படி உங்க தலைக்கு..."

"கட்டு போஜா"ன்னாங்க ஜெசிந்தா.

அவன் வாங்கினான். கண்ணு மடுவுலயே இருந்துச்சு, பூச்சியைப் பார்க்கக் கூட இல்ல. விறைச்ச விரலாலயே தடவி, இரும்பு எங்க தட்டுப்படுதுன்னு பார்த்து, நரம்பை விட்டான். போச்சு. சுத்தி, முடிஞ்சு, பல்லால இழுத்தான். வைத்திலிங்கம் பத்து வரைக்கும் கூட எண்ணியிருக்க மாட்டாரு.

வீசினான். பூச்சி தண்ணியில உட்கார்ந்துச்சு. ஒண்ணுமில்ல. கொஞ்சம் நகர்ந்துச்சு. ஒண்ணுமில்ல.

தண்ணி சத்தமே இல்லாம உள்வாங்கிச்சு.

தூண்டில் வளைஞ்சுது. மீனு பாறைப் பக்கம் ஓடிச்சு. போஜன் கூடவே ஓடினான், ஒரு தடவை இடுப்பு வரைக்கும் விழுந்தான், தூண்டிலை மட்டும் மேல தூக்கிப் பிடிச்சிருந்தான். கடைசியில ஜெசிந்தா ஈரத் துணியை விரிச்சு, குழந்தையை வாங்குற மாதிரி வாங்கினாங்க. வயிறு உருண்டையா, கெட்டியா இருந்துச்சு. முள்ளை மெல்லக் கழட்டிட்டு, தண்ணி நிரப்பின தகர டின்ல விட்டாங்க. செவுள் அசைஞ்சுது.

"உயிரோட இருக்கு"ன்னான் போஜன். அழுதுக்கிட்டே சிரிச்சான். "அக்கா, உயிரோட இருக்கு!" டின்னை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, சொட்டச் சொட்ட, பண்ணையைப் பார்த்து இறங்கி ஓடினான்.

மடுகிட்ட ரெண்டு பேரு மட்டும் நின்னாங்க.

"நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க அம்மிணி. கேட்டுக்கிறேனுங்க."

"கையைத் தண்ணியில வையுங்க ஐயா."

"என்னங்க?"

"ரெண்டு கையும்."

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெச்சாரு. முதல்ல சுட்டுச்சு. அப்புறம் எலும்பு வலிச்சுது. அப்புறம் கையே அவரோடது இல்லாம போச்சு.

"எடுக்கலாமுங்களா?"

"இன்னும் கொஞ்சம்."

எடுக்கச் சொன்னதும் எடுத்தாரு. ஜெசிந்தா ஒரு முழம் நரம்பும், அவர் கட்டின பூச்சியும் குடுத்தாங்க.

"கண்ணுல விடுங்க."

கல்லுக்கு உள்ள ஓடுற கீறலைக் கண்டுபிடிக்கிற விரலு. நரம்பு கையில இருக்கா விழுந்துடுச்சான்னே தெரியல. கண்ணாடியில மூச்சு படர்ந்துச்சு. கண்ணு இருக்கிற இடத்துல விட்டாரு, வழுக்குச்சு. பக்கத்துல விட்டாரு, வழுக்குச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல. ஜெசிந்தா அவசரப்படுத்தல.

அப்புறம் மீன் வாயில இருந்து எடுத்த தன்னோட பூச்சியை நரம்புல இருந்து அவுத்துக் குடுத்தாங்க. இறகெல்லாம் கலைஞ்சு, சப்பிப் போட்ட மாதிரி இருந்துச்சு. அவர் தடவினாரு. வழவழன்னு இறகு முடிஞ்ச இடத்துல சில்லுனு இரும்பு. கண்ணை மூடிக்கிட்டு நரம்பை விட்டாரு.

ரெண்டாவது தடவையில போயிடுச்சு.

அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. ஜெசிந்தா காலி டப்பாவை மூடி ஸ்வெட்டர் பையில போட்டாங்க. பத்தடி நடந்துட்டுத் திரும்பினாங்க.

"அடுத்தவங்க தங்கத்துல ஒரு பொட்டு ஒட்டினதில்லைன்னு சொன்னீங்களே ஐயா. அந்த நாலு சுத்து இடம் போஜனோடது. நாளைக்கு வாங்க."