இடப்பக்கத்து எண்

சென்னியப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

குரு என்றதும் காவி கட்டியவரைத் தேட வேண்டாம். ஒண்டிப்புதூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடி. ஒற்றை அறை. கழுத்தில் முகமூடி தொங்க, முழங்கை நீள விமானங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும் பெண். பெயர் சுகந்தி. கல்லூரிக் கண்காட்சிக்கும் பரிசுக்கும் என்று மாடல் விமானங்கள் செய்து தருவாள். ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

சென்னியப்பன் நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். சும்மா இருந்து பழகாத கை அவருக்கு. விருந்துக்குப் போன வீட்டில் மின்விசிறி லேசாக ஆடினாலும் சோற்றை விட்டு எழுந்துவிடுவார். பாயசம் வருவதற்குள் விசிறி இறங்கிப் பந்தியில் கிடக்கும்.

நாலு மாசத்துக்கு முன்னால் அவர் வந்து நின்றார்.

"அம்மணி, ஒரே ஒரு விமானம். அது மட்டும் செய்யத் தெரிஞ்சாப் போதுங்க."

"எந்த விமானங்கய்யா?"

போனை நீட்டினார். படத்தில் ஒரு பயிற்சி விமானம், உடம்பில் 741 என்ற எண். பக்கத்தில் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண். முகமெல்லாம் சிரிப்பு.

"எம் பொண்ணு, தாரணி. முதமுதல்ல தனியா ஓட்டுன வண்டி இது."

"உங்களுக்கு அனுப்பிச்சாங்களா?"

"அவ அம்மாவுக்கு அனுப்புனா," என்றவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மாற்றிய பேச்சு இதுதான். விமானம் ஓட்டப் பழக மகள் வடக்கே போனதிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் யாரையும் கேட்காமல் அந்தப் பயிற்சிப் பள்ளிக்கே போன் போட்டார். அரைகுறை இந்தியில், "எம் பொண்ணுக்கு மேலே பறக்கிற வேலை வேண்டாங்க, தரையில ஏதாச்சும் பார்த்துக் கொடுங்க" என்று கெஞ்சினார். கூடப் படித்தவர்கள் மறுநாளே அவளுக்குத் 'தரை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அதோடு பேச்சு நின்றது. பதினாலு மாசம். அம்மாவிடம் மட்டும்தான் பேசுவாள். சாப்பிட்டியா, காய்ச்சல் விட்டுச்சா, ஏன் கண்ணு பதிலே இல்லை என்று இவர் நாளுக்குப் பத்துச் செய்தி அனுப்புவார். எல்லாவற்றுக்கும் படித்துவிட்டாள் என்று காட்டும் இரண்டு நீலக் கோடுதான் திரும்பி வரும்.

இப்போது படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள். அஸ்ஸாம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை புறப்பாடு. அதற்குள் விமானம் முடிந்தாக வேண்டும். வாய் திறந்து கேட்கத் தெரியாத மன்னிப்பை அவர் அந்த விமானத்தில் ஏற்றி அனுப்ப இருந்தார்.

உடம்பை ஒட்டினார். உப்புத்தாளால் தேய்த்தார். பெயிண்டும் அடித்தார். எண்ணில்தான் வந்தது வினை.

எண்ணை யாரும் கையால் எழுதுவதில்லை. மெல்லிய படலத்தில் அச்சடித்து வரும். தண்ணீரில் ஊறவைத்தால் தாளை விட்டு வழுக்கும். அப்படியே நகர்த்தி விமானத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும். டெக்கால் என்பார்கள். சுகந்தி நான்கு அச்சடித்து வாங்கியிருந்தாள். இரண்டு பக்கத்துக்கு இரண்டு, கெட்டுப்போனால் எடுக்க இரண்டு.

முதலாவதைச் சென்னியப்பன் அவள் வருவதற்கு முன்னாலேயே இடப்பக்கம் ஒட்டிவிட்டார். காய்ந்ததும் எண்ணைச் சுற்றி மீன் செதில் மாதிரி ஒரு வெள்ளை மினுக்கம். அழுத்தினார், ஊதினார், துணியால் ஒற்றினார். அது போகவில்லை.

"ஏனுங்கம்மணி இப்படி?"

சுகந்தி நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டினாள். விழுந்தது. குனிந்து எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். நின்றது.

"பொட்டு அதே பொட்டுதாங்கய்யா."

சென்னியப்பன் பெயிண்டைத் தடவிப் பார்த்தார். பார்வைக்கு வழவழப்பு. விரலுக்குச் சொரசொரப்பு.

"சந்துல காத்து மாட்டிக்குச்சு," என்றாள். "முதல்ல வார்னிஷ் அடிச்சுக் கண்ணாடி ஆக்கோணும். அப்புறம் நம்பர். ஆனா மழை நிக்கட்டுங்க."

ஐப்பசி மழை. அது எங்கே நிற்கும்? செலோடேப்பால் அந்த எண்ணை உரித்துப் போட்டுவிட்டு அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி ஏதோ பார்சல் வாங்கக் கீழே இறங்கியதுதான் தாமதம், வார்னிஷ் டப்பாவை எடுத்து அடித்துவிட்டார். அடித்த இரண்டாவது நிமிஷம் விமானம் பால் ஊற்றியது போல வெளுத்துப் போனது.

"முருகா!"

சுகந்தி வாசலில் நின்று பார்த்தாள். திட்டவில்லை.

"தேய்ச்சு எடுத்துடட்டுங்களா அம்மணி?"

"கையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போங்க. வெயில் வந்தா வாங்க."

வெயில் புதன்கிழமை வந்தது. சுகந்தி தின்னரை ஸ்ப்ரேயில் ஊற்றி, தூர நின்று, புகை மாதிரி ஒரே ஒரு தடவை அடித்தாள். வெளுப்பு அவர் கண்ணெதிரே கரைந்து மறைந்தது.

"எங்கம்மணி போச்சு?"

"ஈரம் உள்ள சிக்கியிருந்துச்சு. வழி விட்டோம், போயிடுச்சு."

"நான் தேய்ச்சிருந்தேன்னா?"

"அங்கேயேதான் இருந்திருக்கும்."

வியாழக்கிழமை அதே இடப்பக்கத்துக்கு இரண்டாவது எண்ணை எடுத்தார்கள். இந்தத் தடவை மினுக்கம் இல்லை. மேலே ஒரு மருந்து தடவ வேண்டும் என்றாள் சுகந்தி. படலம் இளகி, விமானத்தின் கோடுகளுக்கும் ஆணித்தலைகளுக்கும் படிந்து இறங்குவதற்கான மருந்து. சென்னியப்பன் தடவினார். தடவியதும் எண் பாலாடை போலச் சுருங்கிக்கொண்டது.

"ஐயோ!" என்றார். சொல்லும்போதே பெருவிரல் போய்விட்டது. நீவிவிடத்தான் நினைத்தார். விரலை எடுத்தபோது ஏழும் ஒன்றும் விமானத்தில் இருந்தன. நான்கு பெருவிரலில் இருந்தது.

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வண்டிக்குப் பாதி நம்பர், உங்களுக்குப் பாதி நம்பருங்களா?"

சென்னியப்பன் சிரிக்கவில்லை. விரலைப் பார்த்தபடி நின்றார்.

"நாப்பது வருஷம் இந்தக் கை ஒண்ணையும் கெடுத்ததில்லீங்க அம்மணி. பிரியம் வெச்சு எதைத் தொட்டாலும் கெடுது. அது ஏனுங்க?"

சுகந்தி மருந்துக் குப்பியை மூடினாள். "நாளைக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது வலப்பக்கத்தில் எண் இருந்தது. ஒட்டியது போலவே இல்லை, விமானத்தோடு பிறந்தது போல இருந்தது. ஆணித்தலை ஒவ்வொன்றும் எண்ணுக்கு மேலாகப் புடைத்துத் தெரிந்தது.

"என்ன பண்ணுனீங்க?"

"மருந்து தடவினேன்."

"சுருங்குச்சா?"

"நல்லாச் சுருங்குச்சு."

"அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

அவர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. ஊசியால் குத்தியிருப்பாளோ? ஈரத்துணி வைத்திருப்பாளோ?

சனிக்கிழமை மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அச்சடித்துக் கொடுப்பவர் மதுரைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம்தான் வருவார்.

சென்னியப்பன் இடப்பக்கத்தில் ஒட்டிக்கிடந்த பழைய மிச்சத்தை உரித்தெடுத்துவிட்டு, எண்ணை நகர்த்தி உட்கார வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்து தடவினார். சுகந்தி ஒருமுறை குனிந்து பார்த்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

"இப்பவா? அம்மணி, இது கடைசிங்க!"

"ஆமாங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எண் சுருங்கத் தொடங்கியது. முதலில் ஏழின் கால் மடங்கியது. பிறகு நான்கு நடுவில் குழிந்து மேலே கிளம்பியது. சென்னியப்பன் ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். அதற்குள் ஒன்று வாழைநார் போல முறுக்கிக்கொண்டிருந்தது. பிரஷை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். ஊசி எங்கே இருக்கிறது என்று கண் தேடியது. முருகா, என் கையைப் பிடித்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னார். கையை எங்காவது கொடுத்தாக வேண்டுமே என்று போனை எடுத்து, 'ரயில் ஏறிட்டியா கண்ணு' என்று அடிக்கத் தொடங்கினார்.

கதவு திறந்தது.

தாரணி நின்றிருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சோறு ஆறுதாம்."

"நாளைக்குத்தானே..."

"இன்னிக்கே டிக்கெட் கெடச்சுது."

அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்க்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை மேஜைக்கு வந்ததும் நின்றுவிட்டது. மெல்ல அருகே வந்தாள்.

"இது என்னோட வண்டி."

அவர் தலையசைத்தார்.

"நம்பர் ஏம்ப்பா இப்படிச் சுருண்டு கிடக்குது?" கேட்டுக்கொண்டே விரலை நீட்டினாள். அவருடையதைப் போலவே நுனி சப்பையான விரல்.

"தொடாதே!"

போட்ட சத்தத்தில் இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள்.

"இப்பவே இழுத்து விட்டாத்தான்ப்பா சரியாகும். காஞ்சா அப்படியே நின்னுரும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது கண்ணு. தொட்டா கையோட வந்துரும். முந்தாநாள் வந்துருச்சு."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணக் கூடாதாம்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அதைச் சொல்லாமப் போயிட்டாங்க."

அவள் விரல் மறுபடி கொஞ்சம் முன்னால் போனது. அவர் விரலும் போனது. இரண்டு விரலும் எண்ணுக்கு ஓரங்குலம் இப்பால் நின்றன. அப்பாவும் மகளும் ஒருத்தர் விரலை ஒருத்தர் பார்த்தார்கள்.

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"இப்படி உக்காந்துக்க."

அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்தாள். அதேபோலக் கைமேல் உட்கார்ந்தாள்.

தூசு பறக்கும் என்று மின்விசிறி போடவில்லை. வேர்த்தது. வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஏன் இப்படி இளைத்துவிட்டாய், அஸ்ஸாமில் யார் சமைப்பார்கள், இன்னும் கோபமா? ஒவ்வொரு கேள்வியும் அவர் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஏழின் கால் நீண்டிருந்தது. எப்போது நீண்டது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஒன்று படுத்துவிட்டது. நான்கின் குழிக்குள்ளிருந்து ஓர் ஆணித்தலை மெல்ல எழும்பியது, பிறகு பக்கத்தில் இன்னொன்று.

தாரணிதான் முதலில் பேசினாள். விமானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குத் தனியாப் போறப்ப, சொல்லிக் கொடுக்கற சார் பின் சீட்டுல இருந்து இறங்குனாரு. பெல்ட்டைக் கட்டி வெச்சாரு. மூடியைச் சாத்திட்டு நடந்து போனாரு. திரும்பிப் பார்ப்பாருன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"பார்த்தாரா?"

"இல்லை."

பிறகு சொன்னாள்: "அப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

சென்னியப்பன் கைகளை இன்னும் உள்ளே செருகிக்கொண்டார்.

"அந்தப் போனை நான் போட்டிருக்கக் கூடாது கண்ணு."

"ஆமாங்கப்பா," என்றாள். "இன்னும் என்னைத் தரைன்னுதான் கூப்பிடறாங்க."

அவர் குனிந்துகொண்டார். அவள் ஒரு கையை உருவி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்திருந்தது.

"எனக்குத்தானே இது?"

"உனக்குத்தான். மேல் வார்னிஷ் ஒண்ணு பாக்கி. மழை நின்னாத்தான் அடிக்க முடியும். திங்கக்கிழமைக்குள்ள நிக்குமோ என்னமோ."

"நிக்கலைன்னா இருக்கட்டும். அடுத்த லீவுல வந்து வாங்கிக்கறேன்."

அவர் வார்னிஷ் டப்பாவை எடுத்தார். மூடியை இறுக்கி ஓரமாக வைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சுகந்தி வந்தாள். மேஜையைப் பார்த்தாள். இடப்பக்கத்து எண் சுருக்கம் ஒன்றுமில்லாமல் படிந்திருந்தது. அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இவங்கதான் உங்க மாஸ்டரா?" என்றாள் தாரணி. "நான் வர்றப்ப மாடிப்படியில உக்காந்துட்டிருந்தாங்களே."

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"படியிலயா? டீ குடிக்கப் போறேன்னீங்க?"

சுகந்தி பையைக் கொக்கியில் மாட்டினாள்.

"நான் தொடாம இருக்கறனான்னு சோதிச்சுப் பார்த்தீங்களா அம்மணி?"

"சோதனையெல்லாம் இல்லீங்கய்யா," என்றாள் சுகந்தி. "உள்ள இருந்திருந்தா உங்களுக்கு முன்னாடி என் கை போயிருக்கும்."