மலையைத் தாங்கிய ஆக்சில்

மலைகளெல்லாம் காலாற நடந்து திரிந்த காலத்திலே என்று தொடங்கலாம். அவ்வளவு தூரம் பின்னால் போக ரிவர்ஸ் கியர் தாங்காது. போன தை மாசம் என்றே வைத்துக்கொள்வோம். போடியிலிருந்து மலையடிவாரத்து முந்தலுக்குப் போகிற ரோட்டோரம் ஒரு காயலான் கடை. கடைக்காரர் பேர் வீருசின்னு. அவர் வாயைத் திறந்தால் இரும்பு மிதக்கும், பஞ்சு முங்கும்.

அந்தக் கடைக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காமுத்தாய் வந்தாள். சொந்தமாகப் பிக்கப் வைத்து ஓட்டுகிறவள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் என்றாலும், அதில் தேங்காயையும் வாழைத்தாரையும் ஏற்றிச் சமதளத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது மலைமேல் இருக்கிற கூகைப்பாறை எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டையைக் கீழே இறக்க வண்டி தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை நிறைபாரத்தோடு, யாரும் தள்ளிவிடாமல் மேலே வந்து நிற்கிற வண்டிக்கே இந்த வருஷத்து லோடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாதை என்று பேர்தான். ஆடுகூட ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் அதில் கால் வைக்கும்.

கல் தட்டாமல் இருக்க அவள் பெரிய டயராக வாங்கி மாட்டினாள். வண்டி உயர்ந்தது, இழுவை செத்துப்போனது. சின்னப் பிள்ளை அப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு மேடேறின கதைதான். இனி எஞ்சின் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்கிற மாதிரி, தாழ்ந்த கியர் வைத்த ஆக்சில், அதாவது சக்கரங்களைச் சுற்றவைக்கிற அச்சு வேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. துணைக்கு மெக்கானிக் மொக்கராசுவைக் கூட்டி வந்திருந்தாள். எதையும் நம்பாததுதான் அவனுக்குத் தொழில், மெக்கானிக் வேலை அதற்கு அடுத்தபடி.

வீருசின்னு ரெண்டு ஆக்சிலை உருட்டிவிட்டுக் காட்டினார். பின்னாடிக்கு உள்ளது பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து கிடந்தது, முன்னாடிக்கு உள்ளது கறுப்பு. ரெண்டும் ஒரே பட்டாளத்து வண்டியில் இருந்து கழற்றின ஜோடி, தானே ஓட்டின வண்டி என்றார். பிறகு டீ சொல்லிவிட்டு, கடை வாசலில் சாக்கு விரித்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். இரும்பு வாங்க வருகிறவர்கள் இல்லை, இவர் பேச்சை வாங்க வருகிறவர்கள்.

கியர் தாழ்வு போதுமா என்று காமுத்தாய் கேட்டதுதான் தப்பு.

போதுமாவா என்றார் வீருசின்னு. இதே ஆக்சிலைப் போட்டு முந்தலில் முதல் கியரைத் தட்டிவிட்டு அவர் இறங்கிப் போய்ச் சவரம் பண்ணி, குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தாராம். வண்டி அதற்குள் ஒரு சாண் நகர்ந்திருந்ததாம். ஓரமாகப் போன நத்தை ஒன்று முந்திப் போய்விட்டு, பாவம் என்று திரும்பிப் பார்த்ததாம்.

"நத்தை மட்டுந்தானா, மைல்கல்லும் முந்திப் போச்சாண்ணே?" என்றான் மொக்கராசு.

"கேளுப்பா முழுசா. எஸ்டேட்டுக்கு ஏலக்காய் விதை ஏத்திட்டுப் போனேன். பாதி வழியில மொளைச்சிருச்சு. மேல போய்ச் சேர்றப்ப காய் பறிச்சுத்தான் குடுத்தேன். விதைக்கும் வாடகை வாங்கினேன், காய்க்கும் வாடகை வாங்கினேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காமுத்தாய்க்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் முழுசாக வரவில்லை. மெதுவாகப் போவது இருக்கட்டும், ஈரப் பாறையில் சக்கரம் வழுக்குமா என்று கேட்டாள்.

வழுக்குமாவா என்று அவர் கேட்ட தோரணையில் டீ கிளாஸே வழுக்கியது. செங்குத்தான ஓர் இடத்தில் சக்கரம் பாறையைக் கவ்விய கவ்வில் வண்டி நகரவே இல்லையாம், மலைதான் வண்டிக்கு அடியில் நழுவிப் பின்னால் போனதாம். எஸ்டேட் மேனேஜர் பல் விளக்க வெளியே வந்தவர், வாசலில் போடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு அப்படியே டவுன் பஸ் ஏறிவிட்டாராம். அப்புறம் இவர் ரிவர்ஸ் போட்டு மலையைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் விட்டாராம். அவசரத்தில் விட்டதால் கொஞ்சம் கோணல், இன்றைக்கும் உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம் என்று கையைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாய்ந்துதான் இருந்தது.

மொக்கராசுவுக்குப் பொறுக்கவில்லை. எல்லா வேலையையும் பின் ஆக்சிலே பார்த்திருக்கிறதே, முன் ஆக்சில் என்ன தூங்கிக்கொண்டிருந்ததா என்று சீண்டினான்.

வீருசின்னுவுக்குச் சுருக்கென்று தைத்தது. விற்கிற சரக்கில் ஒன்றைக் குறைத்துப் பேசினால் எந்த வியாபாரிக்குத்தான் பொறுக்கும்?

"தூங்குச்சாவா? பின்னாடி ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள முன்னாடி ஒண்ணேகால் சுத்து சுத்திரும், தெரியுமா? வண்டி ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டு போச்சு. முன் சக்கரம் போடிமெட்டுச் சாரல்ல நனையுது, பின் சக்கரம் முந்தல் வெயில்ல காயுது. கொண்டை ஊசி வளைவு ஒண்ணுல திரும்புறேன், எதுத்தாப்புல ஒரு வண்டியோட பின்லைட்டு. ஒதுங்குடான்னு ஹாரன் அடிச்சேன். பின்னாடி தொத்தியிருந்த கிளீனர் போன் போடுறான். அண்ணே, அது நாமதாண்ணேங்குறான்."

பெஞ்சு குலுங்கியது. காமுத்தாய் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். புளுகனுக்கும் ஒரு பிடி விதைநெல் வேண்டும், வெறும் வரப்பில் எதுவும் விளையாது. நத்தை பொய், மலை பொய். அந்த ஒண்ணேகால் எங்கிருந்து வந்தது?

எழுந்து போய், எடை எழுதுகிற பலகைப் பக்கம் கிடந்த சாக்பீஸை எடுத்தாள். பச்சை ஆக்சிலைக் கல் மேல் தூக்கிவைக்கச் சொல்லி, சக்கரம் மாட்டுகிற வட்டில் ஒரு கோடு, எஞ்சின் தண்டு வந்து சேர்கிற மூக்கில் ஒரு கோடு கிழித்தாள். ரெண்டு பக்கத்து வட்டும் ஒன்றுபோலச் சுற்றும்படி மொக்கராசுவும் இன்னொருத்தரும் பிடித்துக்கொள்ள, அவள் மூக்கைத் திருகினாள். ஐந்து சுற்றுக்கு வட்டு ஒரு சுற்று வந்தது. அவளுக்கு வேண்டிய தாழ்வு அதுதான். அடுத்து கறுப்பு. நாலு சுற்றிலேயே வட்டு வந்து நின்றது.

ஒரே வண்டியில் ரெண்டையும் மாட்டியிருந்தால் முன்சக்கரம் ஓடப் பார்க்கும், பின்சக்கரம் பிடித்து இழுக்கும். ஜவ்வாக நீளாது, நடுவில் இருக்கிற கியர் பெட்டி உடைந்து, பாதிப் பாறையில் அவள் நிறைபாரத்தோடு நின்றிருப்பாள். வந்ததிலிருந்து வேடிக்கை பேசிக்கொண்டே இருந்ததில் இதை அளக்க மொக்கராசுவுக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, இது ஜோடி இல்ல," என்றாள் காமுத்தாய். "பச்சைக்கு ஜோடி எங்க?"

இன்னொருவராக இருந்தால் தலையைச் சொறிந்திருப்பார். வீருசின்னு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால் குனிந்தார்கள்.

"அதை மட்டும் கேக்காத, தாயி. ரிவர்ஸ்ல கொண்டுபோய் விட்டேனே மலை, அது திரும்பவும் சரியப் பாத்துச்சு. வேற வழியில்லாம முன் ஆக்சிலைக் கழட்டி அடியில முட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். இன்னைக்கும் அதுதான் மலையைத் தாங்குது. உருவினோம்னா போடி ஊரு இருக்காது."

அவர் சொல்லச் சொல்ல, காமுத்தாயின் கண் அவர் கால் பக்கம் போனது. பெஞ்சில் விரித்த சாக்கு ஓரத்தில் கிழிந்திருந்தது. பல வருஷமாக நாலு பேரின் குதிகால் உரசி உரசி, உள்ளே தூசி போய் ஏதோ துலங்கியது. பச்சை.

"எந்திரிங்கண்ணே," என்றாள் மெதுவாக. "மலை மேலதான் உக்காந்திருக்கீங்க."

அவரோடு நாலு பேரும் எழுந்தார்கள். சாக்கை விலக்கினால், பெஞ்சுப் பலகையைத் தாங்கிக்கொண்டு ரெண்டு கல்லின் மேல் படுத்திருந்தது முன் ஆக்சில். சாக்பீஸ் போட்டுத் திருகினாள். ஐந்து சுற்று. மறைத்து வைத்தாரா, உட்கார்ந்து உட்கார்ந்து மறந்தே போனாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கதை வந்திருக்கும். ரெண்டு பச்சையையும் ஏற்றிக்கொண்டு அவள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினாளா என்றால், ஏறினாள். நத்தை முந்தவில்லை. ஆனால் காத்திருந்த மேனேஜர் தன் டீயை ரெண்டு தடவை சூடு பண்ண வேண்டியிருந்தது. லோடு அவளுக்குத்தான்.

திங்கட்கிழமை காயலான் கடையில் வழக்கம்போலக் கூட்டம். ஆக்சிலை உருவினதிலிருந்து மலை ஒரு முழம் முன்னால் வந்துவிட்டது, காலையில் அளந்து பார்த்தேன் என்று வீருசின்னு தொடங்கினார். நல்ல கதைதான். ஆனால் உட்காரப் பெஞ்சு இல்லை. நின்றுகொண்டு புளுகு கேட்பது சாமானியமில்லை. ஒருவர் கால் மாற்றி நின்றார், ஒருவர் தூணில் சாய்ந்தார். கதையில் மலை முந்தல் செக்போஸ்டில் வந்து நிற்கும்போது முதல் ஆள் நழுவினார். அது ரோட்டைத் தாண்டும்போது அடுத்தவர். கடைசியில் மிஞ்சினவன் மொக்கராசு. அவனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"மலை இங்க வந்து சேந்ததும் சொல்லிவிடுங்கண்ணே," என்றான். "அதும்மேல உக்காந்து கேக்குறேன்."

சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.