வெள்ளியங்கிரி கரடியின் ஓசையில்லாத வண்டி

கருமலைக் காட்டில் வெள்ளியங்கிரி என்ற கரடிக்குப் பூர்வீகமாக ஒரு தேன்பாறை இருந்தது. ஆண்டுதோறும் தேனீக்கள் அதில் தேனடை கட்டும். மழைக்காலம் முழுக்கக் கரடிக் குடும்பம் அதைத் தின்று கவலையில்லாமல் கிடக்கும்.

அந்தப் பாறையை அப்படியே கொடுத்துவிட்டு அவன் ஒரு மின்வண்டி வாங்கினான்.

விற்றது ஒரு புனுகுப்பூனை. காட்டுக்கு மின்வண்டி புதிதல்ல. அருவியில் சுழலும் சக்கரத்தில் எல்லோரும் மின்சாரம் ஏற்றிக்கொள்வார்கள். முயலிடம் ஒன்று, கீரியிடம் ஒன்று. கிழங்கு விற்கும் சருகுமான் நஞ்சப்பனிடம்கூட ஒரு தகர வண்டி இருந்தது. ஆனால் அவையெல்லாம் கடகடவென்று போகிறவை. இதுவோ நகர்வதே தெரியாது. கூரையில் நட்சத்திரம் போல விளக்குகள். இருக்கையெல்லாம் பால்வெள்ளைப் பட்டு. கதவைத் திறந்தால் புனுகு மணக்கும்.

"இதை ஓட்டறவங்களை யாரும் வண்டிக்காரர்னு சொல்ல மாட்டாங்க. முதலாளின்னுதான் சொல்லுவாங்க" என்றது பூனை.

கரடியின் மனைவி பாவாத்தாள் இரண்டு நாள் அந்த வண்டிப்பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், நஞ்சப்பன் வண்டி போகாத எந்த இடத்துக்கு இது போகும் என்று மட்டும் கேட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. விலை அதிகம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்ததை மறைக்கத்தான் குரலை உயர்த்தினான்.

"எனக்கு மட்டுமா வாங்கினேன்? நாளைக்கு இந்தக் காட்டுல யாருக்காவது ஒரு ஆபத்துன்னா, கண் மூடித் திறக்கறதுக்குள்ள உடும்பு வைத்தியர்கிட்டக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஒரு உயிர் பிழைச்சாப் போதும், பாறைக்கான விலை வந்துடும்."

இதையே சுனையடியில் தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அவனே நம்பியும்விட்டான்.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல். முள்ளம்பன்றி நாச்சம்மாள் தன் குட்டியைச் சுமந்துகொண்டு அவன் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஏனுங்கண்ணா, பையன் பாறையிலிருந்து விழுந்துட்டானுங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது. வண்டியை எடுங்க."

வெள்ளியங்கிரி விரைந்து போய்க் கதவைத் திறந்தான். திறந்த கை அப்படியே நின்றது. உள்ளே வெள்ளைப் பட்டு. வெளியே சொட்டுகிற ரத்தம். தாய்க்கும் பிள்ளைக்கும் உடம்பெல்லாம் முள்.

முடியாது என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வேறு வழி தேடி ஓடியிருப்பாள்.

"ஒரு நிமிஷம் இரு தாயி. விரிக்கறதுக்கு ஒரு சாக்கு எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

முதலில் அகப்பட்ட சாக்கில் மண். இரண்டாவது நைந்திருந்தது; முள் ஊடுருவிப் பட்டைக் கிழித்துவிடும். மூன்றாவது கனமாக, சுத்தமாக இருந்தது. அதை உதறினான். பதமாக மடித்தான். வெளியே வந்தான்.

வாசலில் அவர்கள் இல்லை. தரையெல்லாம் கிழங்கு சிதறிக் கிடந்தது. அந்த வழியாக வந்த நஞ்சப்பன், ஒரு வார்த்தை கேட்காமல் சரக்கைக் கொட்டிவிட்டுத் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். பாவாத்தாள் அதைச் சொன்னபடியே குனிந்து கிழங்கைப் பொறுக்கினாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளியங்கிரி வண்டியை விரட்டினான். நொடியில் தகர வண்டியை எட்டிவிட்டான். ஆனால் மலைப்பாதை ஒரு வண்டிக்குத்தான் அகலம், முந்த முடியாது. கூப்பிடவோ வாய் வரவில்லை. முன்னால் கடகடவென்ற சத்தம், அதற்கு நடுவே பிள்ளையின் முனகல். பின்னால் அவன் வண்டி சருகு விழுகிற ஓசைகூட இல்லாமல் ஊர்ந்தது. அவன் வருவது யாருக்கும் தெரியவில்லை. அந்த நிசப்தத்துக்காகத்தான் பாறையைக் கொடுத்திருந்தான்.

உடும்பு வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிள்ளை தங்கியிருக்க மாட்டான் என்றார். வெளியே நின்ற வெள்ளியங்கிரியின் காதில் அது விழுந்தது. எந்தச் 'சற்று' என்று அவனுக்குத் தெரியும்.

நாச்சம்மாள் வெளியே வந்து அவனைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அண்ணா, நீங்களும் வந்துட்டீங்களா? நல்லவேளைங்க, உங்க வண்டியில ஏறலை. அத்தனை ரத்தம். பட்டெல்லாம் வீணாப் போயிருக்கும்."

அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. பிள்ளை பிழைத்த நிறைவில், அவனுடைய பட்டு தப்பியதற்கும் சேர்த்து மனதார மகிழ்ந்தாள். அவன் தலை குனிந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் பிள்ளை எப்படி என்று பாவாத்தாள் கேட்டாள். பிழைத்துவிட்டான் என்றான். பிறகு வண்டி எப்படி ஓடியது என்றும் கேட்டாள்.

"நல்லாத்தான் ஓடிச்சு" என்றான் வெள்ளியங்கிரி. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆபத்தில் ஓடி வந்தவரை ஏற்றிக்கொள்ளத் தயங்கவைக்கும் பொருளை எந்த விலைக்கு வாங்கினாலும் அது அதிக விலைதான்.