குழந்தை எந்தத் திணை?

ஓர் ஆற்றின் இரு கரைகளும் இரு நாடுகளாக இருந்த காலம் அது. இடையில் ஒரு பாலம். பாலத்தின் முனையில் ஒரு சாவடி. சாவடிக்கு முன் ஒரு தடுப்புக் கம்பம்.

அஞ்சுகம் என்பவள் தன் ஆறு மாத மகள் நறுமுகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அங்கு வந்து சேர்ந்தாள். மகளின் இதயத்தில் ஒரு துளை இருந்தது. அக்கரை மருத்துவமனையில் மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. அதைத் தவறவிட்டால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் அந்த இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவளுடைய பையிலிருந்து இரண்டு ஆவணங்கள் மேசைக்கு வந்தன. ஒன்று அவளுடைய கடவுச்சீட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் மகளின் பெயரும் இருந்தது. மற்றொன்று மகளின் பிறப்புச் சான்றிதழ். மேசையில் ஏற்கெனவே ஒரு முத்திரையும் ஒரு படிவமும் இருந்தன. படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ‘கடப்பவர்’, ‘கொண்டுசெல்லும் பொருள்’.

“குழந்தை பசித்து அழுகிறது, ஐயா. கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள்” என்றாள் அஞ்சுகம்.

அந்த ஒரு சொல்லை முத்திரை பிடித்துக்கொண்டது.

“கேட்டாயா, படிவமே? ‘அழுகிறது’ என்கிறாள், ‘அழுகிறாள்’ என்று சொல்லவில்லை. பெற்றவளே அஃறிணையில் பேசுகிறாள். இரண்டாம் கட்டத்தைத் திற.”

அதிகாரி தணிகாசலத்துக்கும் அது சரியென்றே பட்டது. பொருள் என்று பதிந்தபின் குழந்தையைச் சரக்கு அறையில் ஒப்படைத்துவிட்டு, மூன்று நாள் சோதனை முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம் என்று விதியை எடுத்துரைத்தார். தாய் மட்டும் இப்போதே போகலாம் என்றும் பரிவோடு சேர்த்துக்கொண்டார்.

அஞ்சுகம் மகளை இறுக அணைத்தபடி கம்பத்தின் முன் போய் நின்றாள். இவளை விட்டுவிட்டு ஓர் அடியும் வைக்க மாட்டேன் என்றாள். பின்னால் வந்த வண்டிகள் முனகத் தொடங்கின.

குழந்தைக்கு இன்னும் நடக்கத் தெரியாது, அதனால்தான் தூக்கி வந்தோம் என்று கடவுச்சீட்டு மன்றாடியது. நடந்து வருபவரே கடப்பவர், தூக்கப்படுவது பொருள் என்று முத்திரை சிரித்தது.

பிறப்புச் சான்றிதழ் மெல்லிய தாள்தான். ஆயினும் மடிப்பை உதறிக்கொண்டு நிமிர்ந்தது.

“கெஞ்சாதே, அக்கா” என்று கடவுச்சீட்டிடம் சொல்லிவிட்டு முத்திரையின் பக்கம் திரும்பியது. “என் மூன்றாம் வரியைப் படி. பாலினம்: பெண். அஃறிணையில் ஒன்றன்பாலும் பலவின்பாலும்தான் உண்டு, பெண்பால் கிடையாது. பெற்றவள் செல்லமாக ‘அது’ என்பாள், ‘இது’ என்பாள். அது அவளுடைய உரிமை. அதைச் சட்டமாக்க நீ யார்?”

“எனக்கு இலக்கணம் வேண்டாம். நான் விழுந்தால்தான் கம்பம் எழும்.”

“நீயாகவா விழுவாய்? ஒரு கை தூக்காமல் எந்தத் தாளையாவது நீ தொட்டதுண்டா? தூக்கப்படுவது பொருள் என்று சொன்னதும் நீதானே?”

அதுவரை பேசாதிருந்த படிவம், நறுமுகையின் பெயரை என் இரண்டாம் கட்டம் ஏற்காது என்றது.

தணிகாசலம் எழுத முயன்றார். பேனா கீறியது, மை இறங்கவில்லை. மேலும் அழுத்தினார், இறங்கவில்லை. அவர் குழந்தையைப் பார்த்தார்; குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பேனா மெல்ல முதல் கட்டத்துக்கு நகர்ந்தது. அங்கே ‘நறுமுகை’ என்னும் பெயர் ஒரே இழுப்பில் எழுதப்பட்டது. முத்திரை மறுபேச்சின்றி விழுந்தது.

கம்பம் உயர்ந்தது. அஞ்சுகம் நகரவில்லை. சாவடியின் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். ‘ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் கடந்தன’ என்று தணிகாசலம் எழுதியிருந்தார்.

“அதை அடித்துவிட்டு, ‘இருவர் கடந்தனர்’ என்று எழுதுங்கள், ஐயா” என்றாள். “எழுதி முடிக்கும்வரை கம்பம் உயர்ந்தே நிற்கட்டும்.”