கரடியை விரட்டியவன் தேர்தலில் நின்ற கதை

மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை இருந்தது. அங்கே ஓர் ஆசான், அவரிடம் வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம். மழை விட்டதும் பிள்ளைகள் மூலிகை பறிக்கக் காட்டுக்குள் போவார்கள். ஆசான் கூடப் போகமாட்டார். தங்களில் ஒருவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்து, அவன் பின்னால் போகவேண்டியது பிள்ளைகள் பாடு.

தேர்தலுக்குச் சீட்டெல்லாம் கிடையாது. போட்டிக்கு நிற்பவர்கள் முற்றத்தில் நின்று ஆளுக்குக் கொஞ்சம் பேசுவார்கள். பேசி முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து, யாரை நம்புகிறார்களோ அவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். எவன் பின்னால் கூட்டம் பெரிதோ, அவன் தலைவன்.

போன வருஷத் தலைவன் பேச்சில் பெரிய ஆள். காட்டில் யானை வந்தபோது, வாசலுக்கு முதலில் ஓடிவந்து சேர்ந்தவனும் அவன்தான். பின்னால் போனவர்களில் ஒரு சின்னவன் வரவே இல்லை. அதிலிருந்து காடு என்று யாராவது பேச்செடுத்தால் போதும், சின்னப் பிள்ளைகள் சோற்றைப் பாதியில் வைத்துவிடும்.

இந்த வருஷம் பூதலிங்கம் நின்றான். பேச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆசானைத் தேடி வந்தான்.

"ஆசானே, நாளைக்குப் பேசணும். நான் செஞ்சதை எல்லாம் எடுத்துச் சொல்லலாமா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"சொன்னா தம்பட்டம் அடிக்கான்னு சொல்லுவானுங்க. சொல்லலைன்னா ஒருத்தனும் என் பின்னால நிக்கமாட்டான்."

"அப்படி என்னடே செஞ்சிருக்க?"

எல்லாம் தயாராக வைத்திருந்தான் போல. மூச்சு விடாமல் சொன்னான். "வைத்தியப் பாட்டு முழுக்க மனப்பாடம். ஒடிஞ்ச கையைத் தனியாக் கட்டியிருக்கேன். தேன்பாறை உச்சிவரைக்கும் ஏறியிருக்கேன். கரடியை விரட்டியிருக்கேன்."

"கரடியையா?"

"ஆமா ஆசானே."

"பெரிய கரடியோ?"

பூதலிங்கம் கொஞ்சம் யோசித்தான். "நடுத்தரம்."

"சரி, வா. கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவோம்."

ஆசான் காட்டுப் பாதையில் திரும்பினார். பூதலிங்கம் பாதை முனையிலேயே நின்றான்.

"ஆசானே, இருட்டப்போகுது."

"இன்னும் வெளிச்சம் கிடக்கு."

"கூட யாரையாவது கூப்பிட்டுக்கலாமே."

"கரடியை விரட்டுன ஆளு கூட வருதே, அது போதாதா?"

அவனும் பின்னால் நடந்தான். போகப் போகப் பாதை குறுகியது. ஓரிடத்தில் மூங்கில் முறிந்து கிடந்தது. பக்கத்தில் யானை போட்ட பிண்டம், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆசான் அதைத் தாண்டி நடந்தார். அவனும் தாண்டினான். அதுவரை கத்திக்கொண்டிருந்த பறவைகள் ஓய்ந்துவிட்டன.

மூங்கிலுக்கு நடுவே யானை நின்றது. காதை ஆட்டிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் ஆட்டுவதை நிறுத்தியது.

ஆசான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார். "இப்ப சொல்லு."

"எ... என்னத்த?"

"நாளைக்குச் சொல்லப்போறதை."

ஒன்றும் வரவில்லை. பாட்டு வரவில்லை, தேன்பாறை வரவில்லை, கரடி நினைவிலேயே இல்லை. அப்போது அவன் பேரைக் கேட்டிருந்தால்கூடத் திணறியிருப்பான்.

யானை ஓர் எட்டு முன்னால் வைத்தது.

பூதலிங்கம் கையை உதறிவிட்டு ஓடினான். முள் கிழித்தது தெரியவில்லை, விழுந்து எழுந்தது தெரியவில்லை. வைத்தியசாலை வாசல் கம்பத்தைக் கட்டிப் பிடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

உள்ளே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் ஆசானோடு போனதை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் உள்ளே போய்க் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆசான் தனியாகத்தான் போனார் என்று சொன்னால் தீர்ந்தது.

அப்படி நினைத்த பிறகு அவனுக்குத் தன்னைக் கண்டே பயம் வந்தது. யானையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கம்பத்தைப் பிடித்தபடி நின்றான். பிறகு வந்த வழியே நடந்தான்.

"ஆசானே" என்று கூப்பிட்டான். அந்தச் சத்தம் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. தரையில் கறுப்பாகக் கிடந்ததை எல்லாம் அவர்தானோ என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனான்.

ஆசான் ஒரு பாறையோரம் உட்கார்ந்து பாதத்தில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"யானை?"

"அது பாட்டுக்குப் போயிடுச்சு. நீ ஓடுனதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னுச்சு."

பூதலிங்கம் அவர் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகையை அடக்க முடியவில்லை. "நான் நாளைக்குப் போட்டிக்கு நிக்கல ஆசானே."

"ஏன், செஞ்சதாச் சொன்னது எல்லாம் பொய்யா?"

"பொய் இல்லை. கரடி மட்டும் குட்டி."

"அப்படின்னா அதையெல்லாம் சொல்லு. குட்டிங்கிறதையும் சொல்லு. இன்னைக்கு ஓடுனதையும் சேர்த்துச் சொல்லு."

"ஓடுனதைச் சொன்னா எவன் என் பின்னால வருவான்?"

"பயப்படுறவன் வருவான்."

ஆசான் எழுந்தார். இந்தத் தடவை பூதலிங்கம் அவர் கையை விடவில்லை. வைத்தியசாலை விளக்கு தெரிய ஆரம்பித்ததும் அவன் நின்றான்.

"ஆசானே, நான் திரும்பி வராம இருந்திருந்தா?"

ஆசான் நடந்துகொண்டே சொன்னார்.

"நாளைக்குப் பிரமாதமாப் பேசியிருப்ப. ஜெயிச்சும் இருப்ப."