துப்பச் சொன்ன மருந்து

அறிவுக்கும் மந்தக்குளத்துக்கும் ஏழாம் பொருத்தம். அந்த ஊரில்தான் செங்கமலம் வாழ்க்கைப்பட்டாள். கணவன் ஒச்சப்பன். ஜாடிக்கு ஏற்ற மூடியாக அவனுக்கு இரண்டு தம்பிகள், சடையனும் வீரணனும். மூன்று மண்டையையும் சேர்த்துக் குலுக்கினாலும் ஒரு யோசனை உதிராது.

ஏழாம் மாதத்தில் செங்கமலத்துக்கு ஈறு வீங்கி வாயெல்லாம் புண். கஞ்சி பட்டாலே உயிர் போயிற்று. மூவரும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா எத்தனை மாதம் என்று கேட்டு, வாயைப் பார்த்து, ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார்.

"கொப்புளிச்சுத் துப்பிடணும். முழுங்கக் கூடாது. வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. கூட இருக்கிறவங்க கவனமாப் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டார்கள். புண்ணும் ஆறியது. செங்கமலம் ஆசையாக ஒரு வாய் கஞ்சி குடித்தாள். உடனே சடையன் ஒரு சட்டியை நீட்டினான்.

"துப்புங்க மதினி!"

"இது கஞ்சிடா, கூறுகெட்டவனே!"

"முழுங்கக் கூடாதுன்னாங்க. எதைன்னு சொன்னாங்களா?" என்றான் ஒச்சப்பன்.

"சொல்லலியே" என்றான் சடையன்.

"அப்ப எதையும்தான். படிச்சவங்க சும்மா சொல்வாங்களா?"

வீரணன் வெகுநேரம் யோசித்தான். "எச்சில் முழுங்கலாமாண்ணே?"

"அதையும் துப்பட்டும். நமக்குப் பிள்ளைதான் முக்கியம்."

உள்ளே பிள்ளை பசியில் உதைத்தது. செங்கமலத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இதற்கு அந்தப் புண்ணே தேவலை என்று நினைத்தாள். இதுகளிடம் நியாயம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

"உங்க வாயில நோய் இருந்தா அதுவும் பிள்ளைக்கு ஒட்டிக்கும்ல? நீங்களும் கொப்புளிங்க. நான் சொல்றவரைக்கும் துப்பக் கூடாது" என்று ஆளுக்கு ஒரு வாய் உப்புத் தண்ணீர் ஊற்றினாள்.

கன்னம் உப்ப மூவரும் வரிசையாக நின்றார்கள். செங்கமலம் எதிரிலேயே சம்மணம் போட்டு, கஞ்சியைக் கலயத்தோடு காலி செய்தாள். "ம்ம்! ம்ம்!" என்று கண்ணை உருட்டினார்களே தவிர, ஒருவனும் துப்பவில்லை. பிரசவம் வரைக்கும் அவள் சாப்பிட்டது இப்படித்தான்.

ஆண் பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தது. அது பால் குடிப்பதைக் கேட்டு மூவரும் கதவுக்கு வெளியே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"ஐயோ, முழுங்குதே!"

செங்கமலம் பிள்ளையைக் கொண்டுவந்து ஒச்சப்பன் தோளில் போட்டாள். போட்டதும் அது பாலைக் கக்கியது. ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம ரத்தம்டா! வயித்துல இருந்தபடியே டாக்டரம்மா சொன்னதைக் கேட்டிருக்கான். எப்படித் துப்புறான் பாரு!"

வீரணன் மட்டும் கவலையோடு தலையை ஆட்டினான்.

"துப்பினதெல்லாம் சரிண்ணே. கொப்புளிக்கவே இல்லையே!"